விதிப் புத்தகத்தில் விடுபட்ட ஒரு வரி, விடியும்வரை ஓடிய ஓர் ஆட்டம்

கேள்வி இது: "பேஸ்பாலில் ஆட்டம் சமன் ஆனால், ஓர் அணி வெல்லும்வரை கூடுதல் இன்னிங்ஸ் ஆடிக்கொண்டே இருப்பார்களாமே? முடிவே வராமல் போனால் என்ன செய்வார்கள்? நிஜமாகவே அப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?"

நடந்திருக்கிறது. 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு எட்டு மணியளவில் தொடங்கிய ஓர் ஆட்டம் ஞாயிறு அதிகாலை 4.07 வரை ஓடியது. அப்போதும் முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுப் போனவர்கள் ஜூன் 23 அன்று திரும்பி வந்துதான் அதை முடித்தார்கள். ஒன்பது இன்னிங்ஸில் முடிந்திருக்க வேண்டியது முப்பத்து மூன்று இன்னிங்ஸ் போனது. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் கிடையாது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பாட்டக்கெட் என்ற ஊரில், மெக்காய் ஸ்டேடியத்தில் நடந்தது. உள்ளூர் அணி பாட்டக்கெட் ரெட் சாக்ஸ். வந்த அணி, நியூயார்க் மாநிலத்திலிருந்து ரோச்செஸ்டர் ரெட் விங்ஸ்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீரர்களின் மன உறுதியைப் பாராட்டி எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று இரவு யாரும் எதையும் உறுதியோடு தாங்கிப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அந்த விசித்திரத்தைச் சொல்வதற்கு முன், கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காக நாலு வரி.

பேஸ்பாலில் இன்னிங்ஸ் என்பது சிறிய அளவு. ஓர் அணி மூன்று அவுட் ஆகும்வரை அடிக்கும், பிறகு மற்ற அணி மூன்று அவுட் ஆகும்வரை அடிக்கும்; இரண்டும் சேர்ந்தால் ஓர் இன்னிங்ஸ். அடிப்பவர் ஹோம் பிளேட்டிலிருந்து கிளம்பி, பேஸ் எனப்படும் மூன்று நிலைகளையும் வரிசையாகத் தொட்டு, ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால் ஒரு ரன். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதலில் அடிப்பது வந்த அணி. பதில் சொல்லும் வாய்ப்பு எப்போதும் உள்ளூர் அணிக்கு. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ரன்கள் சமமாக இருந்தால் பத்தாவது, அதிலும் சமமாக இருந்தால் பதினொன்றாவது. ஓவர் கணக்கும் இல்லை, கடிகாரமும் இல்லை. மாற்று ஆளுக்கு வழிவிட்டு வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப வர முடியாது என்பதால், ஆட்டம் நீள நீள அணியில் ஆள் குறைந்துகொண்டே போகும். குறிப்பாகப் பந்து எறியும் பிட்சர்கள் தீர்ந்துபோவார்கள்.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டக்கெட் ஆலை நகரம். தண்ணீர் விசையால் பஞ்சு நூற்ற அமெரிக்காவின் முதல் வெற்றிகரமான ஆலை 1790களில் தொடங்கியது அங்கேதான். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, ஊர் இளைத்துப்போனது. மெக்காய் ஸ்டேடியம் 1942இல் சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டியது. பார்வையாளர் வரிசைகள் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்கு மேலே உயரத்தில் இருந்தன. கையெழுத்து வேண்டும் சிறுவர்கள், பிளாஸ்டிக் குடுவையை வெட்டி அதற்குள் பந்தையும் பேனாவையும் போட்டுக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். கிணற்றில் வாளி விடுவதைப் போல. ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டதும் மேலே இழுத்துக்கொண்டார்கள். அந்த அணியே ஒரு கட்டத்தில் திவாலாகி, 1977இல் பென் மாண்டர் என்ற ஆலைத் தொழிலதிபர் வாங்கிக் காப்பாற்றியது.

இரண்டுமே மைனர் லீக் அணிகள். இன்டர்நேஷனல் லீக் என்ற பெயரில் நடக்கும் டிரிபிள் ஏ போட்டி அது. பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகுக்கு ஒரே ஒரு படி கீழே. அந்த நாளில் பாட்டக்கெட் அணியில் நன்றாக ஆடினால் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போகலாம். ரோச்செஸ்டரில் ஆடினால் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு. அந்த ஒரு படியை ஏறாமலேயே வயதானவர்கள்தான் எப்போதும் அதிகம். அதனால் டிரிபிள் ஏ ஆட்டத்தில் ஒரு தனி நெருக்கடி உண்டு: ஆடுகிற ஒவ்வொருவனும் அணிக்காகவும் ஆடுகிறான், மேலிருந்து யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்பதற்காகவும் ஆடுகிறான்.

அன்று ஈஸ்டருக்கு முந்தைய இரவு. ஏப்ரல் மாதம் என்றாலும் அந்தப் பக்கத்தில் வசந்தம் பெயருக்குத்தான். விளக்குகளில் கோளாறு, ஆட்டம் அரை மணி நேரம் தாமதம். வந்திருந்தவர்கள் 1,740 பேர். ரோச்செஸ்டருக்கு லாரி ஜோன்ஸும் பாட்டக்கெட்டுக்கு டேனி பார்க்ஸும் பந்து எறியத் தொடங்கினார்கள். ஆறு இன்னிங்ஸ் வரை யாருக்கும் ரன் இல்லை. ஏழாவதில் ரோச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. ஒன்பதாவதில், இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்ற கட்டத்தில், பாட்டக்கெட்டின் ரஸ் லாரிபி உயரமாக ஒரு பந்தை அடித்தார். அது பிடிபட்டு அவர் அவுட். ஆனால் மூன்றாம் பேஸில் காத்திருந்த சிக்கோ வாக்கர் அந்த இடைவெளியில் ஓடி வந்து ரன் சேர்த்துவிட்டார். 1-1. இதில் ஒரு வேடிக்கை: ஆட்டத்தை நீட்டிய அந்த லாரிபி, முப்பத்து மூன்று இன்னிங்ஸ் முழுவதிலும் ஒருமுறைகூட நல்ல அடியாக அடித்துப் பேஸுக்குப் போகவில்லை. பதினொரு முறை முயன்று பூஜ்யம். அவர் செய்த ஒரே பெரிய காரியம் அவுட் ஆனதுதான்.

அதற்குப் பிறகு வந்தவை வெறும் பூஜ்யங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று இன்னிங்ஸ் போய்க்கொண்டிருந்தது. பொதுவாக நீண்ட ஆட்டங்களில் யாராவது களைத்துப்போய் ரன்களை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே களைப்பு பிட்சர்களைவிட அடிப்பவர்களைத்தான் முதலில் தாக்கியது. குளிரில் மட்டையைப் பிடித்து அடித்தால் கை எரியும். உள்நோக்கி வீசிய காற்று உயரமாக அடித்த பந்தையெல்லாம் திரும்பத் தள்ளியது. பிட்சர்களோ புதிது புதிதாக வந்துகொண்டிருந்தார்கள். பாட்டக்கெட்டுக்காக மட்டும் எட்டுப் பேர், ரோச்செஸ்டருக்கு ஆறு பேர். அந்த எட்டுப் பேரில் வின் ரெமர்ஸ்வால் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த நாட்டிலேயே ஆட்டத்தைக் கற்று மேஜர் லீக் வரை போன முதல் ஆள் என்பது உபரித் தகவல்.

இப்போது விதிக்கு வருகிறேன். இன்டர்நேஷனல் லீகில் ஒரு விதி இருந்தது: நள்ளிரவு 12.50க்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. அந்த நேரம் தாண்டினால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வேறொரு நாளில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பாட்டக்கெட் நிர்வாகத்துக்கு இந்த விதி தெரியும். ஆனால் அந்த ஆண்டு நடுவர்கள் கையில் இருந்த விதிப் பிரதியில் அந்த வரி இல்லை. யாரோ எங்கோ தொகுக்கும்போது விட்டுவிட்டார்கள். தலைமை நடுவர் ஜாக் லீட்ஸ் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். இல்லை. இல்லாத விதியை நான் எப்படி அமல்படுத்துவது என்பது அவர் நிலை. லீக் தலைவர் ஹெரால்டு கூப்பர் சொன்னால் நிறுத்தலாம். பாட்டக்கெட்டின் பொது மேலாளர் மைக் டாம்புரோ தொலைபேசியில் கூப்பரைத் தேடினார். கைபேசி இல்லாத காலம். வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை.

லீட்ஸைக் கேலி செய்து எழுதியவர்கள் உண்டு. பொது அறிவு இருக்கும் யாரும் இரண்டு மணிக்கே நிறுத்தியிருப்பார்கள் என்பது வாதம். நான் அவர் பக்கம். ஒரு நடுவர் தனக்குக் குளிர்கிறது என்பதற்காக விதியைக் கண்டுபிடிக்கத் தொடங்கினால், நாளைக்கு வேறொரு காரணத்துக்காக வேறொன்றைக் கண்டுபிடிப்பார். அவருக்கும் அங்கேதான் குளிர்ந்தது. உண்மையில் ஆட்டக்காரர்களாவது பாதி நேரம் டக்அவுட்டில் உட்கார்ந்தார்கள். மூன்று நடுவர்களும் எட்டு மணி நேரமும் திறந்த வெளியில் நின்றார்கள்.

இருபத்தோராம் இன்னிங்ஸில் ஒருவழியாகக் கதவு திறந்தது. ரோச்செஸ்டரின் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்) டேவ் ஹப்பர்ட் இரண்டாம் பேஸ் வரை போகும்படி ஓர் அடி அடிக்க, ஒரு ரன் வந்தது. 2-1. உள்ளூர்க்காரர்களே உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் பதில் ஆட்டத்தில் பாட்டக்கெட்டுக்காக மூன்றாம் பேஸைக் காத்து நின்ற வேட் போக்ஸ் அதே மாதிரி ஓர் அடி அடித்து மீண்டும் சமன் செய்துவிட்டார். தன் அணியினருக்குத் தன்னைக் கட்டிப்பிடிப்பதா, முகத்தில் குத்துவதா என்றே தெரியவில்லை என்று போக்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அணியைக் காப்பாற்றுவது கிட்டத்தட்டத் துரோகம் மாதிரிதான்.

இருபத்திரண்டாவதில் பாட்டக்கெட் மேலாளர் ஜோ மார்கன் நடுவருடன் கடுமையாக வாதாட, அவரை வெளியேற்றிவிட்டார்கள். வெளியேற்றப்பட்டவருக்கு அன்று கிடைத்தது பரிசு. சூடான அறைக்குப் போய்ப் படுத்திருக்கலாம். மனிதர் போகவில்லை. அடிப்பவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த தடுப்பில் ஓர் ஓட்டை. அதன் வழியாக மீதி ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதே பெயரில் இன்னொரு புகழ்பெற்ற ஆட்டக்காரர் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த மார்கன் 1988இல் பாஸ்டன் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்று, ஏற்றவுடனேயே தொடர்ந்து பன்னிரண்டு வெற்றிகளைப் பார்த்தவர்.

மூன்று மணிக்குள் உணவு தீர்ந்துபோனது. ஈஸ்டர் இரவு, ஊரில் ஒரு கடை திறந்திருக்காது. டக்அவுட்டில் பீப்பாய்க்குள் நெருப்பு மூட்டினார்கள். முதலில் உடைந்த மட்டைகள் எரிந்தன. பிறகு உட்காரும் பெஞ்சுகளிலிருந்து மரத்துண்டுகளைப் பெயர்த்துப் போட்டார்கள். தொழில்முறை விளையாட்டு ஒன்றில், தாங்கள் உட்கார்ந்திருந்த இருக்கையையே எரித்துக் குளிர்காய்ந்தவர்கள் வேறு யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இருபத்தாறாவது இன்னிங்ஸில் பாட்டக்கெட்டின் சாம் போவன் ஆட்டத்தை முடித்துவைக்கும் அடியை அடித்தார். பந்து மைய வேலியைத் தாண்டிவிட்டது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள்; காற்று அதைத் திரும்ப மைதானத்துக்குள் கொண்டுவந்து எதிரணிக்காரர் கையுறைக்குள் போட்டது. இன்னும் ஏழு இன்னிங்ஸ்.

லூயிஸ் அபோன்டேயின் கதை இல்லாமல் இந்த ஆட்டத்தை யாரும் சொல்வதில்லை, நானும் விடப் போவதில்லை. வெனிசுவேலாவைச் சேர்ந்த பிட்சர். ஏழாவது முதல் பத்தாவது வரை எறிந்தார், வேலை முடிந்தது. பொழுது விடியப் போகும் நேரத்தில் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போய்க் கதவைத் தட்டினார். எங்கே இருந்தாய் என்று கேட்டார் மனைவி. மைதானத்தில், ஆட்டம் இன்னும் நடக்கிறது என்றார் இவர். அதிகாலையில் வீட்டுக்கு வரும் எந்தக் கணவன் சொன்னாலும் எடுபடாத பதில். நாளைக்குப் பேப்பரில் பார் என்று சமாளித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிவதற்குள் அச்சேறிவிட்டது. திங்கட்கிழமை பேப்பர் வந்துதான் மனிதரின் மானம் காப்பாற்றப்பட்டது.

இதே இரவில் நடுவர் டென்னிஸ் கிரெக் தன் அண்ணன் தம்பி வழிப் பையனையும் ஆட்டம் பார்க்கக் கூட்டி வந்திருந்தார். பையன் இருக்கையிலேயே தூங்கிப்போனான். வீட்டில் காத்திருந்த தகப்பன் காவல் நிலையத்துக்குப் போன் செய்து விசாரிக்க, இன்னும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது.

நாலு மணியை ஒட்டி ஒருவழியாகக் கூப்பர் தொலைபேசியில் கிடைத்தார். தன் லீகில் ஓர் ஆட்டம் இந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் நம்புவதற்கே சிறிது நேரம் ஆகியிருக்கும். நடக்கும் இன்னிங்ஸோடு நிறுத்தச் சொன்னார். முப்பத்திரண்டாவது இன்னிங்ஸ் முடிந்தது, 4.07, 2-2. அரங்கில் எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேர். அவர்களுக்கு நிர்வாகம் இலவச அனுமதிச் சீட்டு கொடுத்தது, மெக்காய் ஸ்டேடியத்தில் மேலும் ஆட்டங்கள் பார்க்க. அந்த நிலையில் அது பரிசா தண்டனையா என்று சிலர் யோசித்திருக்கலாம். குளித்து உடை மாற்றிக்கொண்டு ஆட்டக்காரர்கள் வெளியே வந்தபோது வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஈஸ்டர் திருப்பலிக்குப் போகிறவர்கள் எதிரே வந்தார்கள். பகலில் இதே இரண்டு அணிகளுக்கும் அடுத்த ஆட்டம் இருந்தது. ஆடினார்கள்.

சில எண்களைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். முப்பத்து மூன்று இன்னிங்ஸும் சேர்த்து இரு அணிகளும் 219 முறை கணக்கில் சேரும்படி அடிக்க நின்றன. அதில் அறுபது ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு அவுட் ஆனது. ரோச்செஸ்டரின் டாலஸ் வில்லியம்ஸ் பதின்மூன்று முறை முயன்று ஒன்றுகூட வெற்றி இல்லை. சாதாரணமாக ஒருவன் மூன்று, நான்கு நாள் தொடர்ந்து தோற்றால்தான் வரும் கணக்கு, அவருக்கு ஒரே ஆட்டத்தில் வந்துவிட்டது. அதுவும் ஆட்டப் பதிவில் என்றென்றைக்கும் ஒரே வரியில் நிற்கிறது. ஹப்பர்ட் முப்பத்தொரு இன்னிங்ஸ் கேட்சராகக் குந்தியே இருந்தார். இன்னிங்ஸுக்கு இத்தனை பந்து, பந்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுவது என்று கணக்குப் போட்டாலே முழங்கால் வலிக்கும்.

ஆனால் என் கண்ணில் அந்த இரவின் மிகப் பெரிய ஆட்டம் ஜிம் அம்பார்கருடையது. ரோச்செஸ்டரின் நான்காவது பிட்சர். இருபத்து மூன்றாவது இன்னிங்ஸில் வந்தவர், முப்பத்திரண்டாவது வரை பத்து இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ரன் கொடுக்கவில்லை. ஒரு முழு ஆட்டத்துக்கும் மேலான வேலையை, நள்ளிரவுக்குப் பிறகு, மாற்று ஆளாக வந்து செய்தவர். அதற்குக் கிடைத்தது என்ன என்றால், வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பேஸ்பால் பதிவேடு வெற்றி பெற்ற பிட்சர் என்று ஒருவரையும் தோற்ற பிட்சர் என்று ஒருவரையும் குறிக்கும். அம்பார்கர் பெயர் இரண்டிலும் இல்லை.

அந்தப் பெயர்கள் யாருக்குப் போயின என்பது கதையின் இன்னொரு கோணல். ரோச்செஸ்டர் அணி அடுத்து பாட்டக்கெட்டுக்கு வரும் நாள் ஜூன் 23. இடைப்பட்ட காலத்தில் ஜூன் 12 அன்று மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். நாடு முழுக்கப் பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு எழுத ஒன்றுமில்லை. பாட்டக்கெட்டில் ஒரு முடியாத ஆட்டம் இருக்கிறதாமே என்று மொத்தக் கூட்டமும் அங்கே வந்து இறங்கியது. ஏப்ரலில் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் அன்று 5,746 பேர். தொலைக்காட்சிக் கேமராக்கள், நூற்றுக்கும் மேற்பட்ட நிருபர்கள். எல்லோரும் நீண்ட மாலைக்குத் தயாராக வந்திருந்தார்கள்.

பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பாட்டக்கெட்டுக்குப் பாப் ஓஹீடா எறிந்தார். ரோச்செஸ்டரால் ரன் எடுக்க முடியவில்லை. அடுத்து ரோச்செஸ்டருக்கு ஸ்டீவ் கிரில்லி வந்தார். ஏப்ரல் 18 அன்று இவர் அந்த அணியிலேயே இல்லை! பிறகு சேர்ந்தவர். அவர் எறிந்த பந்து மார்ட்டி பாரெட்டின் உடம்பில் பட்டது. பாரெட் முதல் பேஸுக்குப் போனார். வாக்கர் அடித்து ஒரு பேஸ் எடுத்தார். லாரிபியை வேண்டுமென்றே அடிக்கவிடாமல் பேஸுக்கு அனுப்பினார்கள். பேஸ்கள் மூன்றும் நிறைந்தன, ஒரு அவுட்கூட இல்லை. கிரில்லியை எடுத்துவிட்டு கிளிஃப் ஸ்பெக்கைக் கொண்டுவந்தார்கள். முதல் பேஸ்காரர் டேவ் கோசா இடது பக்கமாக அடித்தார். பாரெட் ஓடி வந்து ஹோம் பிளேட்டை மிதித்தார். 3-2. மொத்த நேரம் 8 மணி 25 நிமிடம். வெற்றி ஓஹீடா கணக்கில், ஒரே இன்னிங்ஸ் எறிந்ததற்கு. தோல்வி கிரில்லி கணக்கில், முதல் முப்பத்திரண்டு இன்னிங்ஸ் நடந்தபோது வேறெங்கோ இருந்ததற்கு.

இந்த முப்பத்து மூன்றாவது இன்னிங்ஸை அந்த ஆட்டத்தின் முடிவு என்று ஏற்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. கதகதப்பான கோடை மாலை, நிறைந்த அரங்கம், புதிய தோள்கள். விதிப்படி அது அதே ஆட்டம்தான். ஆனால் 4.07க்கு அந்தப் பத்தொன்பது பேர் எழுந்து போனபோதே அது முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு என்ன ஆனார்கள்? போக்ஸும், எதிரணியில் அதே மூன்றாம் பேஸில் முப்பத்து மூன்று இன்னிங்ஸும் நின்ற இருபது வயதுப் பையன் கால் ரிப்கனும் பேஸ்பாலின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள். போக்ஸ் 2005இல், ரிப்கன் 2007இல். அன்று போக்ஸ் பன்னிரண்டு முயற்சிக்கு நான்கு நல்ல அடி, ரிப்கன் பதின்மூன்றுக்கு இரண்டு. ஒரு நாளும் ஓய்வு எடுக்காமல் தொடர்ந்து 2,632 மேஜர் லீக் ஆட்டங்கள் ஆடிய சாதனை ரிப்கனுடையது; அந்தத் தொடர் தொடங்கியது அடுத்த ஆண்டு, 1982 மே மாதம். பாட்டக்கெட் அணியில் இருந்த ஹர்ஸ்ட், கெட்மன், பாரெட் போன்றவர்கள் 1986இல் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் பாஸ்டனுக்காக ஆடினார்கள். எதிரே நியூயார்க் மெட்ஸ் அணியில் ஓஹீடா. மெட்ஸ் வென்றது. பாட்டக்கெட்டுக்காக அந்த ஞாயிறு அதிகாலை கடைசி ஐந்து இன்னிங்ஸ் எறிந்தவர்தான் இந்த புரூஸ் ஹர்ஸ்ட்.

ஆட்டத்தை முடித்த கோசாவோ மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் அவர் பதினான்குக்கு ஐந்து. நீண்ட நேரம் நின்றவர்களில் மிக நன்றாக அடித்தவர்களில் ஒருவர். நூற்றுக்கும் மேற்பட்ட நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க வெற்றி அடியை அடித்தவர். மேலே இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் டிரிபிள் ஏயில் எல்லோரும் ஆடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? நாடே பார்த்தது. அழைப்பு வரவில்லை.

இதற்கு முன்பு சாதனை எது என்று கேட்பீர்கள். 1966இல் ஃபுளோரிடாவில் மயாமிக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் நடந்த மைனர் லீக் ஆட்டம், 29 இன்னிங்ஸ். மேஜர் லீகில் இன்றும் நிற்கும் சாதனை 1920 மே 1 அன்று பாஸ்டனில் நடந்தது: புரூக்ளினும் பாஸ்டன் பிரேவ்ஸும் 26 இன்னிங்ஸ் ஆடி, இருட்டிவிட்டதால் 1-1 என்று விட்டுவிட்டுப் போனார்கள். இதில் மூச்சை நிறுத்தும் விஷயம், புரூக்ளினின் லியோன் கேடோரும் பாஸ்டனின் ஜோ ஓஷ்கரும் 26 இன்னிங்ஸையும் தாங்களே எறிந்தார்கள் என்பது. மாற்று ஆளே இல்லை. அதோடு புரூக்ளினின் துரதிர்ஷ்டம் தீரவில்லை. அடுத்த நாள் 13 இன்னிங்ஸ் ஆடித் தோற்றது, அதற்கடுத்த நாள் 19 இன்னிங்ஸ் ஆடித் தோற்றது. மூன்று நாளில் 58 இன்னிங்ஸ், ஒரு வெற்றி இல்லை. இன்றைய அணி மேலாளர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். 1984இல் சிகாகோ ஒயிட் சாக்ஸும் மில்வாக்கியும் இரண்டு நாட்களில் 25 இன்னிங்ஸ் ஆடின. எட்டு மணி ஆறு நிமிடம். ஹெரால்டு பெயின்ஸ் வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன் அதை முடித்தது.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இன்றைய பதில் வேறு. முடிவு வராமல் போக இப்போது விடுவதில்லை. மைனர் லீகில் 2018 முதலும் மேஜர் லீகின் வழக்கமான பருவ ஆட்டங்களில் 2020 முதலும் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வோர் அணியும் அடிக்கத் தொடங்கும்போதே இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரை இலவசமாக நிறுத்துகிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் ரன். 2023இல் மேஜர் லீக் இதை நிரந்தரமாக்கிவிட்டது. பழைய ரசிகர்கள் இதைத் திட்டுகிறார்கள். உழைக்காமல் வந்து நிற்கும் ஓட்டக்காரன் என்ற எரிச்சல். எனக்கும் பிடிக்காது. ஆனால் முப்பத்தொரு இன்னிங்ஸ் குந்தியிருந்த ஹப்பர்ட்டிடம் இதைப் பற்றி வாதாட நான் தயாரில்லை.

பாட்டக்கெட் அணி 2020க்குப் பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இன்றைய விதி 1981இல் இருந்திருந்தால் அந்த ஆட்டம் பெரும்பாலும் பத்தாவது, பதினொன்றாவது இன்னிங்ஸிலேயே முடிந்திருக்கும்; பெஞ்சுகள் பிழைத்திருக்கும், அபோன்டே நள்ளிரவுக்கு முன் வீட்டில் இருந்திருப்பார்.